ஆலந்தலைக் கரையில் கிறிஸ்துமஸ்: பலகாரமும் உடல் எடையும்

கிறிஸ்துமஸை ஒட்டிய ஆறு வாரங்களில் சராசரியாக ஒருவருக்குக் கூடும் எடை அரைக் கிலோவுக்கும் குறைவு. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 195 பேரை நவம்பர் நடுவிலிருந்து ஜனவரி தொடக்கம் வரை எடை பார்த்து, 2000ஆம் ஆண்டில் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் முடிவை வெளியிட்டார்கள். சராசரிக் கூடுதல் 0.37 கிலோ. கலந்துகொண்டவர்களோ தங்களுக்கு அதைவிடப் பல மடங்கு ஏறியிருக்கும் என்று எண்ணியிருந்தார்கள். அவ்வளவுதான் என்றால் கவலைப்பட ஒன்றுமில்லை என்று தோன்றும். ஆனால் கூடிய அந்த எடை அடுத்து வந்த மாதங்களில் இறங்கவில்லை. ஏற்கெனவே பருமனாக இருந்தவர்களுக்குச் சராசரியைவிட அதிகமாகவே ஏறியது. ஆண்டுக்கு முந்நூறு, நானூறு கிராம் என்று சேர்ந்துகொண்டே போனால் இருபது வயதில் தைத்த சட்டை நாற்பதில் பொத்தான் பூட்டாது. ஆகவே விடுமுறை எடை என்பது ஒரு நாள் விருந்தின் விளைவாக அல்ல, ஆண்டுகளின் கணக்காகவே பார்க்கப்பட வேண்டியது.

கலோரியாக மாற்றிப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். ஒரு கிலோ உடற்கொழுப்பு ஏறத்தாழ 7,700 கலோரிக்குச் சமம் என்பது வழக்கமான மதிப்பீடு. அதன்படி 0.37 கிலோ என்பது சுமார் 2,850 கலோரி. ஆறு வாரத்துக்கு அதைப் பங்கிட்டால் நாளொன்றுக்கு 70 கலோரிக்குள் வரும். எண்ணெயில் பொரித்த முறுக்கு 100 கிராமுக்கு 500 கலோரி தரும் என்பதால், இது ஒரே ஒரு சிறிய முறுக்கின் அளவு. கிறிஸ்துமஸ் மதியம் வயிறு புடைக்கத் தின்ற பிரியாணியைவிட, டிசம்பர் முழுவதும் டப்பாவைத் திறந்து மூடிக்கொண்டிருந்த கைதான் எடையை ஏற்றுகிறது.

தமிழர் உடலமைப்பு இந்தக் கணக்கைச் சற்றுக் கடுமையாக்குகிறது. தெற்காசியர்களுக்கு வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேரும் போக்கு அதிகம். ஐரோப்பியர்களைவிடக் குறைந்த எடையிலேயே சர்க்கரை நோய் தலைகாட்டுகிறது. அதனால்தான் உடல் நிறை குறியீடு 25ஐத் தாண்டினால் அதிக எடை, 30ஐத் தாண்டினால் உடல் பருமன் என்ற உலக வழக்கத்துக்குப் பதிலாக, இந்தியர்களுக்கு 23, 25 என்ற எல்லைகளை மருத்துவர்கள் வைத்திருக்கிறார்கள். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். ஐந்தாவது தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பு (2019–21) உலக எல்லையையே கைக்கொண்டது. அப்படியிருந்தும் தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 விழுக்காட்டினரும் ஆண்களில் 37 விழுக்காட்டினரும் அதிக எடை கொண்டவர்கள் என்று அது கண்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து நடத்தி 2023இல் வெளியிட்ட நாடு தழுவிய ஆய்வு, இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடியே 10 லட்சம் பேர், அதன் வாசலில் நிற்பவர்கள் 13 கோடியே 60 லட்சம் பேர் என்று மதிப்பிட்டது.

இந்தக் கணக்கு ஒரு கடற்கரை ஊரில் எப்படி நடக்கிறது என்று பார்க்கலாம். திருச்செந்தூருக்குத் தெற்கே, மணப்பாடு போகும் வழியில் இருக்கும் ஆலந்தலை, முத்துக்குளித்துறையின் கத்தோலிக்க மீனவர் ஊர்களில் ஒன்று. 1530களில் இக்கரையின் பரதவர்கள் கிறிஸ்தவம் தழுவினார்கள். 1542இல் வந்து சேர்ந்த புனித பிரான்சிஸ் சவேரியார் ஊர் ஊராக நடந்து ஜெபங்களைத் தமிழில் சொல்லிக்கொடுத்தார். ஆகவே இங்கே கிறிஸ்துமஸ் ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுப் பழக்கம். அது டிசம்பர் 25இல் தொடங்கி அன்றே முடிவதும் இல்லை. 3ஆம் தேதி சவேரியார் திருநாளோடு மாதம் களைகட்டுகிறது. பிறகு கேரல் பாடி வீடு வீடாக வருகிறவர்கள், குடில் கட்டும் இளைஞர்கள், கப்பலிலும் வளைகுடாவிலும் வேலை பார்த்து விடுமுறைக்கு ஊர் வந்து சேர்கிறவர்கள், புத்தாண்டு இரவு, ஜனவரி 6இல் மூன்று ராஜாக்கள் திருநாள் என்று ஒரு மாதத்துக்கு மேல் நீள்கிறது. இதில் ஒவ்வொரு வாசலிலும் கேக்கோ பலகாரமோ இல்லாமல் யாரும் திரும்புவதில்லை.

இந்த நீட்சி பழைய முறைக்கு நேர்மாறானது என்பதைக் கவனிக்க வேண்டும். பிறப்புத் திருநாளுக்கு முந்திய திருவருகைக் காலம் ஒரு காலத்தில் தவக்காலத்தைப் போலவே ஒறுத்தலின் காலமாக இருந்தது. 1917ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தில்கூடக் கிறிஸ்துமஸுக்கு முந்திய நாள் நோன்பும் இறைச்சி விலக்கும் கடமையாக இருந்தன. 1966இல் ஆறாம் பவுல் ஒறுத்தல் விதிகளைத் திருத்தியபின் கட்டாய நோன்பு திருநீற்றுப் புதன், பெரிய வெள்ளி ஆகிய இரு நாள்களோடு நின்றுவிட்டது. முதலில் ஒறுத்தல், பிறகு விருந்து என்று இருந்தது, இப்போது முதலிலிருந்தே விருந்து. நோன்பை விதித்தவர்கள் எடையை மனத்தில் வைத்து விதிக்கவில்லைதான். ஆனாலும் விருந்துக்கு முந்திய சில வாரங்கள் வயிற்றுக்கு ஓய்வு கொடுத்த ஏற்பாடு அது. அதை நீக்கியபின் அந்த இடத்தை நிரப்பியது பேக்கரி.

பலகாரத் தட்டை எடுத்துக்கொண்டால், இந்தக் கடற்கரைக்கென்றே உரிய முதல் பண்டம் தூத்துக்குடி மக்ரூன். முட்டையின் வெள்ளைக்கருவைச் சர்க்கரை சேர்த்து நுரை பொங்க அடித்து, பொடித்த முந்திரியைக் கலந்து, காகிதத்தின்மீது கூம்பு கூம்பாகச் சுழித்து வைத்து, தணிந்த சூட்டில் நெடுநேரம் உலரவிடுகிறார்கள். மைதா இல்லை, வெண்ணெய் இல்லை. வாயில் போட்டால் காற்றைப் போலக் கரைகிறது. ஏமாற்றுவதும் அந்த லேசுதான். கனமில்லாததால் நாலைந்து உள்ளே போனது தெரிவதில்லை. ஆனால் 100 கிராமுக்கு ஏறத்தாழ 450 கலோரி, அதில் பெரும்பகுதி சர்க்கரையும் முந்திரிக் கொழுப்பும். இதற்கு மறுகோடியில் இருப்பது முதலூர் மஸ்கோத் அல்வா. மைதாப்பாலும் தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் சேர்ந்து கிண்டக் கிண்டத் தேங்காயெண்ணெய் பிரிந்து வரும் பண்டம், கனமானது, திகட்டுவது. திகட்டுகிற பண்டம் ஒரு துண்டோடு நின்றுவிடும். எடையைப் பொறுத்தவரை திகட்டாத பண்டமே ஆபத்தானது.

வீட்டுப் பலகாரங்களில் முறுக்கு, அச்சு முறுக்கு, அதிரசம், முந்திரிக்கொத்து ஆகியவை எண்ணெய்ச் சட்டியில் பிறந்தவை. முந்திரிக்கொத்தில் முந்திரி கிடையாது. வறுத்த பாசிப்பயறும் கருப்பட்டியும் தேங்காயும்தான். பயறு இருப்பதால் புரதம் கொஞ்சம் உண்டு, நார்ச்சத்தும் உண்டு. மற்றவற்றை நோக்க இது பரவாயில்லை என்று சொல்லலாம், அவ்வளவே. மாவில் தோய்த்துப் பொரித்தபின் அதுவும் மற்றவற்றோடு சேர்ந்துவிடுகிறது. பல வீடுகளில் பலகாரம் சுட்ட எண்ணெயை வடிகட்டி வைத்து அடுத்த வாரம் வரை பயன்படுத்துகிறார்கள். திரும்பத் திரும்பக் காய்ந்த எண்ணெயில் உடலுக்கு ஒவ்வாத சேர்மங்கள் பெருகுகின்றன. உணவுக் கடைகளுக்கு இவ்வகைச் சேர்மங்கள் 25 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் எல்லை வகுத்தது. வீட்டில் அதை அளக்கக் கருவியில்லை. எண்ணெய் கருத்து, நுரைத்து, சீக்கிரம் புகைந்தால் கொட்டிவிட வேண்டியதுதான்.

கருப்பட்டியைப் பற்றிய நம்பிக்கை தனியாகப் பேசப்பட வேண்டியது. ஆலந்தலைக்குப் பக்கத்திலேயே உடன்குடி. அவ்வூர்ப் பனங்கருப்பட்டி 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. அதன் மணமும் சுவையும் வெள்ளைச் சர்க்கரைக்கு வராது. இரும்பு முதலான தாதுக்களும் சிறிது உண்டு. ஆனால் "கருப்பட்டி போட்டது, சுகர்காரங்களும் சாப்பிடலாம்" என்று தட்டை நீட்டுவது சரியல்ல. கருப்பட்டியின் பெரும்பகுதி சுக்ரோஸ்தான். கலோரியும் சர்க்கரையை அடுத்து, 100 கிராமுக்கு 380 அளவில் நிற்கிறது. இரத்தத்தில் அது வெள்ளைச் சர்க்கரையைப் போலவே நடந்துகொள்கிறது. தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2024ஆம் ஆண்டு வழிகாட்டி, சேர்க்கப்படும் சர்க்கரை நாளொன்றுக்கு 25 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது. அந்தக் கணக்கில் கருப்பட்டிக்கு விலக்கு எதுவும் இல்லை.

இக்கரையின் அன்றாட உணவு இயல்பிலேயே நல்ல உணவு. சாளையும் நெத்திலியும் விலை குறைவு, புரதம் மிகுதி. சாளையின் ஒமேகா-3 கொழுப்பு இதயத்துக்கு உகந்தது. புளிவிட்டு வைத்த மீன் குழம்பில் எண்ணெய் அதிகம் செல்வதில்லை. விநோதம் என்னவென்றால், கிறிஸ்துமஸ் நாள்களில் மீனவர்கள் கடலுக்குப் போவதில்லை; ஆகவே மீனவர் ஊரிலேயே பச்சை மீன் அரிதாகிறது. அந்த இடத்தில் ஆட்டுக்கறி, பிராய்லர் கோழி, பிரியாணி, கடையில் வாங்கிய பரோட்டா ஆகியவை அமர்கின்றன. ஓர் ஆள் தாராளமாகத் தின்னும் மட்டன் பிரியாணியில் 600 முதல் 800 கலோரி வரை இருக்கும். பண்டிகைக்கு முந்தியே பிடித்த மீனைப் பனிக்கட்டியில் வைத்துக்கொண்டு, பண்டிகைச் சமையலில் ஒரு வேளையேனும் மீனாக்குவது இங்கே எவருக்கும் கடினமல்ல. கருவாடு இதற்கு மாற்றாகாது. அதில் உப்பு மிகுதி. இரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் அதை ஒதுக்குவது நல்லது.

உணவு கூடும் அதே நாள்களில் உழைப்பு நின்றுபோகிறது. இதை வெளியூர்க்காரர்கள் எளிதில் உணர்வதில்லை. கடல்தொழில் செய்பவருக்கு வலை இழுப்பதும், மடியிலிருந்து மீன் தட்டுவதும், ஈரமணலில் வள்ளம் தள்ளுவதும் கடுமையான உடலுழைப்பு. மேசை வேலை பார்ப்பவரைவிட அவருக்கு நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான கலோரி கூடுதலாகத் தேவை. வழக்கமான பசியோடு கரையில் உட்கார்ந்துவிட்டால் அவ்வளவும் மிச்சமாகிறது. துடுப்புப் போட்டுக் கட்டுமரம் செலுத்திய தலைமுறை உண்ட சோற்றை, இயந்திரம் பொருத்திய பைபர் படகில் போகும் தலைமுறையும் உண்கிறது என்பது ஆண்டு முழுவதற்குமான சிக்கல். பண்டிகைக் காலத்தில் அது இரட்டிக்கிறது. பெண்களின் நிலைமை வேறு. அவர்களுக்கு டிசம்பரில் வேலை குறைவதில்லை, கூடுகிறது. ஆனால் அந்த வேலை அடுப்படியில் நின்றபடி, ருசி பார்த்தபடி நடப்பது. சுடச்சுட உடைந்த முறுக்கையும் ஒட்டிப்போன அச்சு முறுக்கையும் யாரும் டப்பாவில் போடுவதில்லை.

கிறிஸ்துமஸ் இரவு தனி ஆராய்ச்சிக்குரியது. நள்ளிரவுத் திருப்பலி முடிந்து வீடு வந்து சேர மணி ஒன்றரை, இரண்டு ஆகிவிடும். அதன்பிறகுதான் கேக் வெட்டுவதும் சாப்பாடும். இரவு ஏற ஏற உடலின் சர்க்கரையைக் கையாளும் திறன் குறைகிறது என்பது நன்கு நிறுவப்பட்ட உண்மை. காலையில் தின்னும் அதே கேக் துண்டு நடுச்சாமத்தில் இரத்தச் சர்க்கரையை அதிகம் ஏற்றுகிறது. தூக்கம் குறைந்தால் பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் கூடி, போதும் என்று சொல்லும் லெப்டின் குறைகிறது. மறுநாள் காலையிலிருந்தே இனிப்பின் பக்கம் கை போவதற்கு இது ஒரு காரணம். சர்க்கரை நோய்க்குக் கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்களுக்கு ஆபத்து எதிர்ப்பக்கத்திலும் உண்டு. மாலை மருந்தைப் போட்டுக்கொண்டு, "பூசைக்குப் பிறகு சாப்பிட்டுக்கலாம்" என்று வெறும் வயிற்றோடு கோயிலில் நின்றால் இரத்தச் சர்க்கரை சரிந்து மயக்கம் வரும். நற்கருணை வாங்குவதற்கு முந்திய நோன்பு 1964 முதல் ஒரு மணி நேரம்தான். நோயாளிகளுக்கும் முதியோருக்கும் அதுவும் கட்டாயமில்லை. எட்டு மணிக்கு வழக்கமான இரவு உணவை முடித்துக்கொண்டு, திருப்பலிக்குப் பின் ஒரு சிறு துண்டோடு நிறுத்திக்கொள்வது இதற்கு நல்ல ஏற்பாடு.

மது இந்த மாதத்தின் பேசப்படாத பகுதி. ஒரு கிராம் ஆல்கஹாலில் 7 கலோரி. அதனோடு சேரும் பொரித்த கோழியும் குளிர்பானமும் வேறு. எடையைவிடப் பெரிய கவலை இதயம். ஓரிரு நாள் அளவுமீறிக் குடித்தபின் இதயத்துடிப்பு ஒழுங்கு தவறி மருத்துவமனைக்கு வருபவர்களைக் கண்ட அமெரிக்க மருத்துவர்கள் 1978இல் அதற்கு விடுமுறை இதயம் என்றே பெயர் வைத்தார்கள். சுவீடனில் 1998 முதல் 2013 வரை நிகழ்ந்த 2,83,014 மாரடைப்புகளை ஆராய்ந்து 2018இல் வெளியான ஆய்வில், கிறிஸ்துமஸுக்கு முந்திய நாள் மாரடைப்பு மற்ற நாள்களைவிட 37 விழுக்காடு கூடுதலாக இருந்தது. உச்சம் இரவு பத்து மணி அளவில். 75 வயதைக் கடந்தவர்களும் சர்க்கரை நோயாளிகளும் அதிகம் பாதிக்கப்பட்டார்கள். குளிர் நாட்டு நிலவரம் இங்கே அப்படியே பொருந்தாது. ஆனால் நெஞ்சு வலியை வாயுத்தொல்லை என்று சொல்லி, "நல்ல நாள்ல ஆஸ்பத்திரிக்கா" என்று விடியும்வரை தள்ளிப்போடும் வழக்கம் இந்தக் கரையிலும் இருக்கிறது. வலி இடக்கைக்கோ தாடைக்கோ பரவி, வியர்த்தும் கொட்டினால் 108ஐ அழைக்க நாள் பார்க்கக் கூடாது.

தடுக்கும் வழிகளில் எது பயன் தருகிறது என்பதை நேராகச் சோதித்தவர்கள் இங்கிலாந்தின் பர்மிங்காம் ஆய்வாளர்கள். 2016, 2017 கிறிஸ்துமஸ் காலங்களில் 272 பேரை இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவினருக்கு வாரம் இரண்டு முறையேனும் எடை பார்த்துக் குறிக்கச் சொல்லி, பத்து எளிய யோசனைகளையும், பண்டிகைப் பண்டம் ஒவ்வொன்றையும் எரிக்க எத்தனை நிமிடம் நடக்கவோ ஓடவோ வேண்டும் என்ற பட்டியலையும் கொடுத்தார்கள். மற்றப் பிரிவினருக்கு ஒரு துண்டுப் பிரசுரம் மட்டும். முடிவில் முதல் பிரிவினர் 0.13 கிலோ குறைந்திருந்தார்கள்; அடுத்த பிரிவினர் 0.37 கிலோ கூடியிருந்தார்கள். பெரிய உணவுக் கட்டுப்பாடு எதுவும் இல்லாமல் கிடைத்த வேறுபாடு இது.

அந்தப் பட்டியலை இக்கரைக்கு மாற்றி எழுதிப் பார்க்கலாம். 70 கிலோ எடையுள்ள ஒருவர் சற்று வேகமாக ஒரு மணி நேரம் நடந்தால் செலவாவது சுமார் 250 கலோரி. ஒரு சிறிய மக்ரூனுக்குப் பத்து நிமிட நடை, ஒரு கனத்த பிளம் கேக் துண்டுக்கு ஒரு மணிக்கு மேல், ஒரு பிரியாணிக்கு ஏறத்தாழ மூன்று மணி. ஆலந்தலையிலிருந்து திருச்செந்தூர் வரை நடந்து போய் நடந்தே திரும்பினாலும் ஒரு பிரியாணி தீராது. நடந்து கரைப்பதைவிடத் தட்டிலேயே குறைப்பது எளிது என்பதை இந்தக் கணக்குக் காட்டுகிறது. நடையின் பயன் வேறிடத்தில் இருக்கிறது. சாப்பிட்ட பின் பத்துப் பதினைந்து நிமிடம் மெதுவாக நடந்தாலே இரத்தச் சர்க்கரை ஏற்றம் தணிகிறது. கடலரிப்பால் கரை சுருங்கிப்போன இடங்களில் ஊர்த்தெருவே போதும். குடில்களையும் நட்சத்திர விளக்குகளையும் பார்க்க எப்படியும் எல்லாரும் தெருவில் இருக்கும் நாள்கள்தானே.

தட்டில் குறைப்பதற்கு வரிசையும் உதவுகிறது. காய்கறியையும் புரதத்தையும் முதலில் உண்டு சோற்றை இறுதியில் உண்டால் சர்க்கரை ஏற்றம் குறைவதை அமெரிக்கச் சோதனைகள் காட்டியுள்ளன. மீன் துண்டையும் வெள்ளரி, வெங்காயப் பச்சடியையும் முதலில் முடித்துவிட்டுப் பிரியாணிக்கு வந்தால் மறுசோறு கேட்கும் வாய்ப்புக் குறையும். பலகார டப்பாவைக் கூடத்து மேசையிலிருந்து எடுத்து அலமாரிக்குள் வைப்பது மிகச் சிறிய செயல். கண்ணில் படுவதைத்தான் கை எடுக்கிறது.

மறுப்பதுதான் உண்மையில் கடினம். பண்டிகைப் பலகாரம் வெறும் தின்பண்டமல்ல. ஆண்டு முழுவதும் பேசாமலிருந்த இரு வீடுகள் ஒரு தட்டு அதிரசத்தால் பேசிக்கொள்வதுண்டு. "ஒண்ணே ஒண்ணு எடுங்க மைனி" என்று நீட்டும் தட்டை மறுத்தால் அது உறவை மறுத்ததாகிவிடும். எடுத்து, பாதியை உண்டு, மீதியைக் காகிதத்தில் மடித்து வாங்கிக்கொண்டு வருவது இங்கே ஏற்றுக்கொள்ளப்பட்ட மரியாதை. கொடுக்கும் வீடுகள் அளவைக் குறைப்பது அதைவிடப் பயனுள்ளது. கிலோக்கணக்கில் சுட்டு எல்லா வீட்டுக்கும் எல்லாப் பலகாரமும் அனுப்புவதால், கடைசியில் ஒவ்வொரு வீட்டிலும் பத்து வீட்டு முறுக்கு ஜனவரி வரை கிடக்கிறது. ஒரு வகையை மட்டும் சுட்டு, அதோடு வாழைப்பழச் சீப்பு ஒன்று வைத்து அனுப்பினால் தட்டின் மதிப்புக் குறையாது. பிள்ளைகளுக்கு இது அரையாண்டு விடுமுறையின் காலம். விளையாட்டும் பள்ளி நேரமும் இல்லாத அந்நாள்களில் எந்நேரமும் எட்டும் டப்பா, எடையோடு பல்லையும் சேர்த்துக் கெடுக்கிறது.

வடகிழக்குப் பருவமழையின் கடைசிப் பகுதியும் இதே நாள்களில் வருகிறது. 2023 டிசம்பர் 17, 18இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டி, தூத்துக்குடி மாவட்டமே வெள்ளத்தில் மிதந்தபடி அந்த ஆண்டுக் கிறிஸ்துமஸைச் சந்தித்தது. வெள்ளம் இல்லாத ஆண்டுகளிலும் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடிப்பதும், மிஞ்சிய பிரியாணியை இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டியில் வைப்பதும் வயிற்றுப்போக்கைத் தவிர்க்கும்.

கிறிஸ்துமஸ் நாள் முடிந்து 27ஆம் தேதி எடைக் கருவியில் ஏறுபவர்கள் ஒன்றரை, இரண்டு கிலோ கூடியிருப்பதைக் கண்டு திடுக்கிடுகிறார்கள். அதில் பெரும்பகுதி கொழுப்பல்ல, தண்ணீர். உப்பு நீரைப் பிடித்துவைக்கிறது; உடல் சேமிக்கும் ஒவ்வொரு கிராம் கிளைகோஜனோடும் ஏறத்தாழ மூன்று கிராம் நீர் சேர்கிறது. வழக்கமான உணவுக்குத் திரும்பினால் ஒரு வாரத்தில் அது தானாக வடியும். வடியாமல் நிற்கும் அரைக்கிலோதான் உண்மைக் கணக்கு. அமெரிக்கா, ஜெர்மனி, ஜப்பான் ஆகிய நாடுகளில் 2,924 பேரின் எடையைத் தொடர்ந்து பதிவு செய்து 2016இல் வெளியான ஆய்வில், அமெரிக்கர்களின் பண்டிகை எடையில் பாதி விரைவில் இறங்கியது. மீதிப் பாதி கோடை வரை இருந்தது. இதைப் பட்டினியால் இறக்க முயல்வது வீண். சோற்றை அறவே விட்டுப் பத்து நாளில் இறக்கிய எடை பொங்கலுக்குள் திரும்பிவிடுகிறது. தமிழ்நாட்டுக் கிறிஸ்தவர்களுக்கு ஜனவரி நடுவில் பொங்கல் காத்திருக்கிறது. தவக்காலம் தொடங்க பிப்ரவரியோ மார்ச்சோ ஆகும். ஆகவே கவனிக்க வேண்டிய இடைவெளி மூன்று ராஜாக்கள் திருநாளுக்கும் பொங்கலுக்கும் நடுவிலுள்ள ஒரு வாரம். மீந்த பலகாரத்தைக் கொடுத்துத் தீர்ப்பதும், படகுகள் மீண்டும் கடலேறியபின் வரும் புது மீனோடு வழக்கமான சமையலுக்குத் திரும்புவதும் அந்த வாரத்தில் முடிந்துவிட்டால் மீதி எளிது. சர்க்கரை, இரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் அதே வாரத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்திலோ, 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தில் வீட்டுக்கு வரும் பணியாளரிடமோ இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் பார்த்துக்கொள்ளலாம். விருந்து நாள்களில் விட்டுப்போன மாத்திரைகளைச் சேர்த்து ஒரே நேரத்தில் போட்டு ஈடுகட்டக் கூடாது. அடுத்த வேளை மாத்திரையிலிருந்து வழக்கம்போல் தொடர வேண்டும்.